நாகராசு படம்

படத்தில் அந்த இடம் நெருங்கும்போது மதினி நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொள்வாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போடுவாள். அவள் அறிந்து செய்கிற காரியம் இல்லை இது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாலும் கை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கால் மட்டும் மடங்கும். வீட்டுக்குள் புருசன் நுழையும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். பதின்மூன்று வருசமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மதினியின் பெயர் சங்கிலியம்மாள். என் அண்ணன் நாகராஜின் மனைவி. அதற்கு முன்னால் அவள் எனக்குச் சிநேகிதி. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனபோது, பந்தலுக்கு அடியில் என் பக்கத்து வரிசையில் நின்றவள் அவள்தான். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் குலையில் சொத்தைக் காயைக் கத்தரிக்க வேண்டும். சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிடும். அவள் ஓயாமல் பேசுவாள், நான் கேட்பேன். கல்யாணம் ஆனபிறகும் வா, போ என்றுதான் பேசிக்கொண்டோம். பெயர் மட்டும் மதினி ஆனது. நானும் அதே தெருவில் வாக்கப்பட்டேன். அவள் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் எதிரெதிர்.

அந்தப் படத்துக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. நாகராசு படம் என்பார்கள். ஓடின படம் இல்லை. வாழை மண்டிக்காரர் மகளை ஒரு லாரி டிரைவர் விரும்புவதும், அவளுடைய அண்ணன்மார் அரிவாளோடு கிளம்புவதும்தான் கதை. நடுவில் மண்டியில் ஒரு சண்டை. கதாநாயகியும் டிரைவரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு நிற்க, அவர்களுக்குப் பின்னால் தூரத்தில் ஆட்கள் தார் இறக்குவார்கள். மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில் ஓர் ஆள் தோளில் செவ்வாழைத் தாரோடு இடது பக்கமிருந்து வருவான். தாரை வைக்கோல்மேல் இறக்கிவைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்து, யாரையோ பார்த்துச் சிரிப்பான். அவ்வளவுதான். பதினொரு விநாடி. மதினியின் மகள் அபிதா போனில் வைத்து எண்ணிச் சொன்னது.

மதினி அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் கம்பத்தில் தியேட்டரில். பிறகு பஸ் ஸ்டாண்டில் வாங்கின சிடியில். அது தேய்ந்து, சரியாக அந்த மண்டி இடத்தில் கட்டம் கட்டமாக உடையும். பற்பசை தடவித் துடைத்துப் போடுவாள். பிறகு கேபிளில் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரும். அன்றைக்குத் தோட்டத்துக்கு வரமாட்டாள். கடைசியில் அபிதாவின் போனில். கதை முழுக்க அவளுக்கு மனப்பாடம். மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் சிரிக்கவும் அழும் இடத்தில் அழவும் செய்வாள். ஆனால் எல்லாம் அந்தப் பதினொரு விநாடிக்கு வழி.

படப்பிடிப்பு நடந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் சினிமாக்காரர்கள் வருவது புதிதில்லை. மலையும் தோப்பும் வாய்க்காலும் வேண்டுமென்றால் இங்கேதான் வருவார்கள். உத்தமபாளையம் ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்குள் வாழை மண்டி மாதிரி கொட்டகை போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் ஊரிலிருந்து இருபது பேரைக் கூட்டிப்போனார்கள். அண்ணன் போனான். எங்கள் சித்தப்பா மகன் ஒச்சாண்டியும் போனான். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே உடம்பு. பின்னாலிருந்து பார்த்தால் பெற்றவர்களே மாற்றிக் கூப்பிடுவார்கள். மதினி அப்போது பிள்ளை உண்டாகி மசக்கையில் கிடந்தாள். நான்தான் மத்தியானச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணனைக் கதாநாயகிக்குப் பக்கத்திலேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் மெகாபோனைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஹலோ, மஞ்ச சட்டை! எந்திரிங்க. மேடம் பொடவையும் மஞ்ச, நீங்களும் மஞ்ச. ஒட்டிக்குது."

"சட்டையத்தான கழட்டச் சொல்றீக? ஆள இல்லையே?" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள்.

"யாராவது நீலச் சட்டை இருந்தா மாத்திக்கங்க சார், டைம் இல்ல."

தார் தூக்குகிற கூட்டத்தில் நின்ற ஒச்சாண்டி நீலச் சட்டை போட்டிருந்தான். "எண்ணே, எஞ்சட்டைய நீ போட்டீன்னா பொத்தான் பூராம் தெறிச்சிரும்" என்று கேலி செய்துகொண்டே கழற்றிக் கொடுத்தான். இரண்டு பேரும் ஒரு தென்னைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் நீலச் சட்டையோடு டீக்கடையில் உட்கார்ந்தான். ஒச்சாண்டி மஞ்சள் சட்டையோடு தாரைத் தூக்கினான். டீக்கடையை எட்டுத் தடவை எடுத்தார்கள். எட்டுத் தடவையும் அண்ணன் டீ குடித்தான். நடுவில் என்னைப் பார்த்துக் கிளாசைத் தூக்கிக் காட்டி, "ஏத்தா ஜோதி, ஒனக்கும் ஒண்ணு சொல்லவா?" என்றான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்ததில் நான் தூக்குவாளியை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவரவர் சட்டையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள். "படத்துல நான் வருவேன், பாரு" என்று மட்டும் அண்ணன் மதினியிடம் சொன்னான். அந்த மஞ்சள் சட்டை அவள் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்தது.

படம் என்ன காரணத்தாலோ வெளியே வராமல் கிடந்தது. அடுத்த இரண்டாவது வருசம், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கம்பம் மெட்டு மலை ரோட்டில் கவிழ்ந்தது. பதினான்கு பேர் இருந்தார்கள். போனது அண்ணன் ஒருவன்தான். அபிதாவுக்கு அப்போது ஒரு வயது.

அதற்கும் மூன்று வருசம் கழித்துத்தான் படம் வந்தது. கம்பம் தியேட்டரில் மூன்று நாள் ஓடியது. எங்கள் தெருவே மினி பஸ்ஸில் போனது. மதினி மடியில் அபிதா. எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மண்டி வந்தது. நான் டீக்கடையைத் தேடினேன். கதாநாயகி பக்கத்தில் டீக்கடையே இல்லை. வெட்டிவிட்டார்கள்போல. அதற்குள் மதினி என் கையைப் பிடித்தாள்.

"இந்தா வர்றாக! ஏய் ஜோதி, இந்தா வர்றாக பாரு! அபி, அப்பா பாரு, அப்பா!"

தெரு மொத்தமும் எழுந்து நின்றது. ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். படத்தில் ஒச்சாண்டி தாரை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தான். நடந்து வரும்போது முகத்தில் பாதியைத் தார் மறைத்திருந்தது, சிரிக்கும்போது முகம் தூரத்தில் மங்கலாக இருந்தது. சட்டையை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருசத்துக்கு முன்னால் அதை மாற்றிக்கொண்டது, கூடப்போன மற்றவர்களுக்கு நினைவில் இல்லை. ஒச்சாண்டி அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பான். அவன் அதற்குள் வண்டன்மேட்டுப் பக்கம் பெண் கட்டி, எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டான். படம் வந்ததே அவனுக்குத் தெரியாது.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். மூன்று வருசமாகச் சிரிக்காத மதினி சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன்.

நாள் போகப்போக அது சொல்ல முடியாத விஷயம் ஆகிவிட்டது. அபிதாவுக்கு ஏழு வயதில் ஒரு விளையாட்டு உண்டு. தலையணையைத் தோளில் வைத்து வீட்டைச் சுற்றி வருவாள். அதைக் கீழே போட்டுவிட்டு, கழுத்தைத் துடைத்துச் சிரிப்பாள். "அத்தை, நான் அப்பா மாதிரியே இருக்கனா?" என்று என்னிடம்தான் வந்து கேட்பாள். ஒச்சாண்டி இடது காலைச் சற்று வீசி வைப்பான். சிறுவயதில் வாய்க்காலில் குதித்து அடிபட்ட கால். பிள்ளை அதையும் சேர்த்து நடந்தாள். "இருக்கடி தங்கம்" என்றேன்.

மதினிக்கு இருபத்தேழு வயதில் ஒரு இடம் வந்தது. கெங்குவார்பட்டிக்காரர், மனைவியை இழந்தவர். கொஞ்சம் தோப்பு இருந்தது, ஒரே ஒரு பெண் பிள்ளை. மதினியின் அம்மா வந்து பத்து நாள் தங்கி, மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த மனுசரும் ஒரு தடவை வந்து போனார். வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். அபிதாவிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மதினிக்குப் பிடித்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வாரம் தோட்டத்தில் அவள் பேச்சுக் குறைந்துபோயிருந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"ஜோதி, நீ என்ன சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல மதினி. ஒன் இஷ்டம்."

"ஒங்க அண்ணனுக்கு நீதான தங்கச்சி. ஒனக்கு மனசு கோணுமா?"

"கோணாது."

அத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் சிடி ஓடும் சத்தம் கேட்டது. எதிர்வாசலிலிருந்து பார்த்தேன். மண்டி வந்தது. கால் மடங்கியது. மறுநாள் காலையில் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அவுக என் கண்ணு முன்னால நடமாடிக்கிட்டு இருக்கயில, நான் எப்பிடிம்மா இன்னொரு வீட்டுல போயி ஒலை வைப்பேன்?"

அவள் அம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கெங்குவார்பட்டிக்காரர் அடுத்த தையில் வேறு பெண்ணைக் கட்டினார். மதினி தோட்டத்துக்கு வந்தாள். மகளைப் படிக்க வைத்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு கழுத்து வலியோடு அண்ணாந்து பார்த்தாள். ஒச்சாண்டி வருசத்துக்கு ஒரு பொழுது, திருவிழாவுக்கோ சாவுக்கோ வந்து போவான். அவன் தெருவுக்குள் நுழைந்தால் நான் முந்திக்கொண்டு ஓடுவேன். அவனை வாசலிலேயே நிறுத்தி, சோறு போட்டு, சீக்கிரம் அனுப்பப் பார்ப்பேன்.

போன சித்திரையில் அபிதா போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். தேனியில் நர்சிங் முதல் வருசம் சேர்ந்திருந்தாள்.

"அத்தை, இங்க பாரேன். அப்பாவுக்குப் பதினாறாம் வருச அஞ்சலி. ஃபிளக்ஸ் அடிக்கிறோம். பஸ் ஸ்டாப்புல கட்டப்போறோம்."

கடைக்காரர் அந்தப் பதினொரு விநாடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுத் துலக்கியிருந்தார். பக்கத்தில் இறக்கிவைத்திருந்த தாரை எடுத்துவிட்டார். பின்னால் மேகத்தை வைத்தார். தலைக்குமேல் இரண்டு விளக்கு. கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒச்சாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். கண்ணீர் அஞ்சலி என்று கீழே எழுதியிருந்தது.

"நல்லாருக்கா அத்தை? அம்மா பாத்துட்டு அழுதிருச்சு."

"அம்மா ஒண்ணும் சொல்லலயா?"

"அழகா இருக்காகன்னு சொல்லுச்சு."

அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. மதினிக்கு அண்ணன் முகம் மறந்துபோயிருந்தது. மறக்கவிட்டது நான்.

சீலையை உதறிக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்தேன்.

"மதினி, ஃபிளக்ஸுல கல்யாணப் போட்டோவ போடலாமே?"

"எதுக்கு? அதுல மொறச்சுக்கிட்டு நிக்கிறாக. போட்டோக்காரரு அசையாதீகன்னு சொல்லிட்டாராம், அப்பிடியே நின்னுட்டாக. இதுலதேன் சிரிக்கிறாக."

"இல்ல, அதுல முகம் தெளிவா..."

"ஏய், ஒனக்கு என்ன இப்ப? ஒங்க அண்ணன ஊரே பாக்கட்டும்ல." அவள் கீரையை முறத்தில் தட்டினாள். "எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. அவுக சிரிச்ச மொகம் ஒண்ணுதேன்."

நான் கொத்து முழுவதையும் உருவி முடித்தேன். அடுத்த கொத்தையும் உருவினேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். ஒச்சாண்டிக்காவது போன் போட்டு இந்த வருசம் வராதே என்று சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவன் வழக்கமாகச் சித்திரைத் திருவிழாவின் கடைசி நாளுக்குத்தான் வருவான், அதற்குள் ஃபிளக்ஸைக் கழற்றிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அவன் முதல் நாளே வந்தான். குமுளி பஸ்ஸிலிருந்து பெண்டாட்டி ஹேமாவதியோடு இறங்கி, நேராக அந்த ஃபிளக்ஸுக்குக் கீழே நின்றிருக்கிறான். பஸ் ஸ்டாப் டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் அவனைப் பார்த்தார்கள், பிறகு மேலே பார்த்தார்கள்.

"ஏலே ஒச்சாண்டி, நீ செத்துப் பதினாறு வருசமாச்சாமுல்ல. ஒரு வார்த்த சொல்லி விடலயே!"

"டீ போடவா, இல்ல படையல்ல வச்சிரவா?"

அவன் சிரித்திருக்கிறான். ஹேமாவதி சிரிக்கவில்லை. அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு அலறிய சத்தம் எங்கள் தெருவுக்கே கேட்டது. நாங்கள் ஓடிப் போவதற்குள் பெஞ்சின்மேல் ஏறி ஃபிளக்ஸை இழுத்துக் கிழித்துவிட்டாள். பாதி கம்பியில் தொங்கியது. மதினி அதைப் பார்த்துவிட்டு அவளை அடிக்கப் பாய்ந்தாள்.

"எம்புருசன் மூஞ்சியக் கிழிக்க நீ யாருடி?"

"எம்புருசன் மூஞ்சி அது! உசுரோட இருக்கவனுக்கு அஞ்சலி போட்டுருக்கீக, வெளங்குவீகளா?"

ஒச்சாண்டி நடுவில் புகுந்து இரண்டு பேரையும் விலக்கினான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மதினி, நான் வேணும்னு செய்யல. இப்பிடி ஒரு படம் வந்ததே எனக்குத் தெரியாது. அன்னைக்குச் சூட்டிங்குல சட்டைய மாத்தச் சொன்னாக. அண்ணன் என் சட்டையப் போட்டாரு, நான் அவரு சட்டையப் போட்டேன். தார் தூக்குனது நாந்தேன். அண்ணன் டீக்கடையில இருந்தாரு." சுற்றிலும் பார்த்தான். என்மேல் கண் நின்றது. "வேணும்னா ஜோதியக் கேளுங்க. அவதேன் அன்னைக்குச் சோறு கொண்டாந்தா. எல்லாம் பாத்துக்கிட்டுத்தான நின்னா."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. மதினி மெல்ல என் எதிரில் வந்து நின்றாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தியேட்டருலயே தெரியுமா?"

ஆட்டினேன்.

"கெங்குவார்பட்டிக்காரக வந்தப்ப?"

அதற்கும் ஆட்டினேன். அவள் அபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அபிதா இடது காலை வீசி நடந்தாள். பழக்கமாகிவிட்டது அவளுக்கு. ஒச்சாண்டி மறுபடியும், "நான் வேணும்னு செய்யலத்தா" என்றான், என்னிடம்.

நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்குத் தியேட்டரில் சொல்லியிருந்தால் அவள் ஒரு நாள் அழுதிருப்பாள். அண்ணனின் முகம் அவளுக்கு நினைவிருந்திருக்கும். ஒருவேளை கெங்குவார்பட்டியில் இருந்திருப்பாள். நல்லது கெட்டது பார்த்து நான் மறைக்கவில்லை. பேசப் பயந்தேன், அவ்வளவுதான்.

அதன்பிறகு என் வீட்டுக்கு அபிதா மட்டும் வருவாள். படம் எடுத்தவர்களின் விலாசத்தைத் தேடிப் பிடித்து, டீக்கடையில் நீலச் சட்டை போட்டு ஓர் ஆள் டீ குடித்த காட்சி உங்களிடம் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டாள். அந்தக் கம்பெனி மூடிப் பல வருசம் ஆகிறது, பழைய சுருள் எதுவும் இல்லை என்று ஒருவர் பதில் போட்டார். "அத்தை, அப்பா எப்பிடி நடப்பாக?" என்று கேட்டாள். கூடத்தில் நான் நடந்து காட்டினேன். அவள் பார்த்தாள். சரியாக வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அந்தப் படத்தை நான்தான் பார்க்கிறேன். அபிதா என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். வீட்டு வேலை முடிந்ததும் போட்டு, மண்டியில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கூட்டத்தில் நீலச் சட்டைகள் மூன்று வருகின்றன. ஒன்றும் அண்ணன் இல்லை. டீக்கடையின் கூரை ஓலை ஒரு மூலையில் கொஞ்சம் தெரிகிறது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று காட்டாமல் அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

மதினி என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. அவள் வீட்டில் டி.வி. ஓடுகிறது, செய்தியும் சீரியலும். அந்தப் படம் ஓடுவதில்லை. கல்யாணப் போட்டோவை எடுத்துச் சட்டம் மாற்றி மாட்டியிருக்கிறாள் என்று அபிதா சொன்னாள். காலையில் இரண்டு பேரும் ஒரே வேனில்தான் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறோம். அவள் முன்னால் உட்காருகிறாள், நான் பின்னால்.